முன்னிலை வகிப்பவரை முந்தலாகாது

1966ஆம் ஆண்டு சாம்பியன் பட்டத்தின் இறுதிப் போட்டிக்காக, சிங்கப்பூர்த் தமிழ் மோட்டார் சைக்கிளோட்டிகள் முன்னேற்றப் பேரவை ஓர் அழைப்பிதழ் அடித்தது. மடித்தால் சட்டைப் பைக்குள் போகாது. விரித்தால் சாப்பாட்டு மேசையை மூடும். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, தொடக்கவுரை, வாழ்த்துரை, பொன்னாடை, சிறப்புரை, தேநீர், ஏற்புரை, நன்றியுரை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தேநீருக்கும் ஏற்புரைக்கும் இடையில், அச்சகத்தில் இருந்த ஆகப் பொடி எழுத்தில், "பந்தயம் – நேரமிருப்பின்" என்று ஒரு வரி இருந்தது.

நான் அந்தப் பேரவையின் சாதாரண உறுப்பினன். சாதாரண உறுப்பினன் என்றால் கைதட்டுகிறவன். பொறுப்பாளர்கள் ஏராளம் பேர் இருந்தார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் பொருளாளர் ஒருவர்தான்; அவரும் மூலநோய் வந்த பிறகு விட்டுவிட்டார். தலைவர் மாணிக்கம் மேடையில் "வேகமே என் உயிர்மூச்சு" என்பார். கூட்டத்துக்கு வருவது டாக்சியில். வழி முழுக்க டிரைவரின் தோளைத் தட்டி, "மெதுவாப் போப்பா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே வருவார். இவர்களெல்லாம் எதற்காகக் கோல்ஃப் சங்கம், குதிரைச் சங்கம் என்று போகாமல் நம் தலையில் வந்து விழுந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

உண்மையில் வண்டி ஓட்டியவர்களில் பட்டத்துக்கு மோதியவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் நாகூர் கனி. விடியற்காலையில் செராங்கூன் ரோட்டில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங் வரை கடை கடையாகப் போடுகிற வேலை. பழைய பி.எஸ்.ஏ. வண்டி, பழைய சட்டை, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. மூன்று வருஷமாகப் பேரவைப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடம்.

இன்னொருவர் துரைசாமி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நார்ட்டன் வண்டி, கிரீம் தடவிய மீசை. மூன்று வருஷமாக முதலிடம். காப்பிக்கடையில் உட்கார்ந்தால், "வூட்டு அலமாரியில இந்த வருஷக் கப்புக்கு எடம் ஒதுக்கிட்டேன், சம்சாரம் தட்டெல்லாம் எடுத்துக் கீழ வெச்சிருச்சு" என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்.

அந்த வருஷம் இருவரும் சம புள்ளியில் நின்றார்கள். இறுதிப் போட்டியில் யார் முந்துகிறாரோ அவரே சாம்பியன். நாகூர் கனிக்கு அதுதான் கடைசி வாய்ப்பும்கூட. ஏனென்றால் அவர் மனைவி நூருன்னிசா வாக்கு வாங்கிவிட்டாள்.

"ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, இதோட போதும். நீங்க விழுந்து கெடந்தா அந்தப் பேரவைக்காரங்க தூக்க வரமாட்டாங்க. உக்காந்து இரங்கல் கூட்டத்துக்கு யாரு தலைமைன்னு பேசுவாங்க."

"சரி புள்ள. கடைசியா ஒரே ஒரு தடவ. மூணு வருஷமா தொரை அண்ணன் முதுகத்தான் பாத்துக்கிட்டுப் போறேன். சட்டையில எங்க கிழிஞ்சிருக்கு, எங்க தச்சிருக்கு, எல்லாம் மனப்பாடம். ஒரு தடவ எனக்கு முன்னால வெறும் ரோட்டப் பாக்கணும். அவ்வளவுதான் ஆசை."

இந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. பேரவைக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தால் நிறைவேறியும் இருக்கும்.

இறுதிப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தலைவர் மாணிக்கம் ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையைப் பல் டாக்டர் வீட்டில் புரட்டினார். பந்தயத்தை ஜெயிப்பது இயந்திரமல்ல, மனம்தான் என்று அதில் போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்புவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை அவர் படிக்கவில்லை. படித்தவரை போதும் என்று அந்த வாரமே ஒரு 'மனநிலை உபகுழு' அமைத்தார்.

உபகுழுவின் தலைவர் பாலகிருஷ்ணன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அது மனநிலையா, மனப்பாங்கா, மனப்பான்மையா என்று முடிவு செய்யவே உபகுழு மூன்று முறை கூடி, மூன்று முறையும் வடை சாப்பிட்டது. கடைசியில் மனநிலை வென்றது. உடனே ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தபால் போட்டார்கள்.

தபால் வந்தபோது நாகூர் கனி வேலைக்குப் போயிருந்தார். நூருன்னிசா பிரித்துப் படித்தாள். "தங்கள் மனநிலையில் ஐயம் எழுந்துள்ளதால் பரிசோதனைக்கு வருக" என்று இருந்தது. அவர் வீடு திரும்பியபோது வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டு ரத்தினம்மா ஒரு தட்டில் திருநீறு கொண்டுவந்திருந்தாள். மாடிவீட்டு சம்சுன்னிசா நாகூரிலிருந்து வந்த பச்சைக் கயிற்றை எடுத்து வந்திருந்தாள்.

"என்னங்க, எப்பலேர்ந்து இப்படி?" என்றாள் நூருன்னிசா. கண் கலங்கியிருந்தது.

"எப்படி?"

"மனநிலை சரியில்லன்னு காயிதம் வந்திருக்கே. ராத்திரி தூக்கத்துல கியர் போடறப்பவே நெனச்சேன்."

"அய்யய்ய, அது பேரவைலா!" என்று கனி சொன்னார். பேரவை என்றதும் பாதிப் பேர் நிம்மதியாகக் கலைந்தார்கள். மீதிப் பாதி, கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் போனது.

பரிசோதனை, டன்லப் ஸ்ட்ரீட்டில் சாம்பிராணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பேரவை அறையில் நடந்தது. பாலகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மனிதனுக்கு மெய்ப்பாடு எட்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வளைவில் எதிராளி நும்மை முந்தும்போது இவற்றுள் எது தோன்றும்?"

நாகூர் கனி நன்றாக யோசித்தார். "கிளட்ச்சப் புடிப்பேன் சார்."

"உள்ளத்தைக் கேட்கிறேன்."

"உள்ளத்துல, இவரு எப்படா பெட்ரோல் போட நிப்பாருன்னு தோணும்."

பாலகிருஷ்ணன் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். எட்டில் இது எதிலும் அடங்கவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பின், புரியாமல் விழிப்பதால் 'மருட்கை, கடைத்தரம்' என்று தீர்ப்பாயிற்று.

துரைசாமியிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். "என்னை முந்தறதா? யாரு? இன்னும் பொறக்கல சார்!" என்று தொடங்கி மேசையைத் தட்டிப் பேசினார். தேநீர் ஆறும்வரை பேசினார். தன் தொழிலில் ஒருவனைக் கண்ட மகிழ்ச்சி தலைவர் முகத்தில் தெரிந்தது. 'பெருமிதம், முதல்தரம்.'

மற்ற ஓட்டுநர்களுக்கு மனநிலைச் சான்றே கிடைக்கவில்லை. ஒருவர் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டார். இன்னொருவர் மெய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது இளிவரலை விட்டுவிட்டார். ஆகவே இறுதிப் போட்டியில் இருவர் மட்டும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒருவன் மருட்கை, ஒருவன் பெருமிதம் என்றால் போட்டி நியாயமாகாது, இருவர் மனமும் சமநிலைக்கு வரவேண்டும் என்று உபகுழு கண்டுபிடித்தது. ஒரு வண்டிக்கு எடை கூட்டி மற்றதற்குக் குறைப்பதுபோல, கனிக்குத் துணிவை ஏற்றி, துரைசாமிக்கு இறக்க வேண்டும் என்றார் பாலகிருஷ்ணன். பயிற்சி தொடங்கியது. தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நாகூர் கனி கண்ணாடி முன் நின்று, "நானே வெல்வேன்! எவரும் எனக்கு நிகரில்லை!" என்று கத்த வேண்டும். அந்தப் பக்கம் துரைசாமி சம்மணம் போட்டு, "நான் தோற்கலாம், தோற்பதும் இயல்பே" என்று மென்குரலில் சொல்ல வேண்டும். கீழே சாம்பிராணிக் கடைக்காரர் வியாபாரம் கெட்டுப்போவதாகப் புகார் செய்தார். அவரைப் பேரவையில் புரவலராக்கிச் சமாதானப்படுத்தினார்கள்.

இரண்டு வாரத்தில் நாகூர் கனிக்குத் தொண்டை கட்டிவிட்டது. துணிவு வந்த மாதிரி தெரியவில்லை. துரைசாமி மட்டும் காப்பிக்கடையில் முன்போலப் பேசாமல், பாலில்லாத தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தட்டுகள் மறுபடி அலமாரியில் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் ஏற்பாட்டுக் கூட்டம். முன்னிலை வகிக்க, அழைப்பிதழில் முன்பே பெயர் போட்டிருந்த, தவுக்கே என்று ஊர் அழைக்கும் சிமெண்ட் முதலாளி நெய்னா முகம்மது சம்மதித்துவிட்டார் என்ற செய்தியை மாணிக்கம் அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். "ஓட்டுநர்களுக்கு ஏதேனும் ஐயம் உண்டா?" என்று ஒரு வழக்கத்துக்குக் கேட்டு வைத்தார். வழக்கத்துக்குக் கேட்பதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது நாகூர் கனிக்குத் தெரியாது. எழுந்தார். கட்டிய தொண்டையோடு பேசினார்.

"தலைவரே, ஒரு சின்ன டவுட்டு. நோட்டீசுல 'முன்னிலை: நெய்னா முகம்மது'ன்னு போட்டிருக்கு. ரேஸ்ல முன்னால போறவந்தானே முன்னிலை? நானோ தொரை அண்ணனோ முன்னிலைக்கு வந்துட்டா, தவுக்கே கோவிச்சுக்க மாட்டாரா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தோம். மேடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாலகிருஷ்ணன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். மாணிக்கத்தின் முகம் வெளுத்தது.

"நல்லவேளை!" என்றார் மாணிக்கம். "தக்க தருணத்தில் சுட்டிக்காட்டினீர். அச்சிட்ட அழைப்பிதழில் ஒருவர் முன்னிலை, சாலையில் இன்னொருவர் முன்னிலை என்றால் உலகம் நம்மைப் பார்த்து என்ன சொல்லும்?"

"உலகம் ஒண்ணும் வராதுங்க. ஜூரோங் ரொம்பத் தூரம்" என்றார் துரைசாமி.

மாணிக்கம் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து நின்று, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அன்பர்களே! ஓட்டுநர்கள் வருவார்கள், போவார்கள். சிலர் விழுவார்கள், எழுவார்கள். அது இயற்கை. வண்டி ஓட்டத் தெரிந்தவனை எந்தக் காப்பிக்கடையிலும் பிடிக்கலாம். ஆனால் முன்னிலை வகிக்க ஒரு பெருமகன் எளிதில் கிடைப்பானா? அவர் வீட்டுக்கு நான் எத்தனை முறை நடந்திருப்பேன்! இப்பேரவை மோட்டார் சைக்கிளுக்காகவா தோன்றியது? இல்லை! மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டாலும் இப்பேரவை இருக்கும். இன்னும் சொல்லப்போனால், இடையூறின்றிச் சிறப்பாகவே இருக்கும்!"

இதற்கும் நாங்கள் கைதட்டினோம். தட்டிய பிறகுதான் என்ன சொன்னார் என்று யோசித்தோம்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தவுக்கே தம் காரில் பந்தயத்தின் முன்னால் செல்வார். ஓட்டுநர் இருவரும் பின்தொடர்வார்கள். முன்னிலை வகிப்பவரை எவரும் முந்தலாகாது. முந்தினாலோ விலகினாலோ பட்டம் பறிபோகும்.

"அப்ப ரேஸ் எப்படிங்க?" என்றார் கனி.

"பந்தயத்துக்கு என்ன? அது பாட்டுக்கு நடக்கும்" என்றார் மாணிக்கம்.

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜூரோங்கில் அப்போதுதான் சதுப்பைத் தூர்த்து, குன்றை வெட்டி, தொழிற்சாலைகளுக்காகப் புது ரோடு போட்டிருந்தார்கள். ரோடு வந்துவிட்டது, அந்தப் பக்கம் தொழிற்சாலை இன்னும் வரவில்லை. பந்தயத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. செம்மண் மேட்டில் பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முதல்முறையாகப் பந்தயம் பார்க்க நூருன்னிசாவும் குடையோடு வந்திருந்தாள். அவள் தேடியதெல்லாம் ஆம்புலன்ஸ்தான். அது இல்லை. அந்த இடத்தில் பொன்னாடை மூட்டை இருந்தது.

காலையில் தொடங்கிய உரைகள் உச்சிவெயில்வரை நடந்தன. இடையில் நாகூர் கனி பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனார். அங்கே துரைசாமி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல பாய்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ரேசுக்கு முன்னாடி வயிறு பொரட்டும். அதுக்குத்தான் காப்பிக்கடையில அவ்வளவு கத்தறது. கத்துனாத்தான் பயம் அடங்கும். இந்தப் பாவிங்க கத்தக்கூடாதுன்னுட்டானுங்க. 'நான் தோற்கலாம்'னு சொல்லிச் சொல்லி, இப்ப நெசமாவே தோத்துருவேன்னு தோணுது."

நாகூர் கனி அசந்துபோனார். மூன்று வருஷமாக அந்த முதுகைப் பார்த்தவர். முன்பக்கம் இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

"எனக்குக் கத்திக் கத்தி தொண்டதாண்ணே போச்சு. பயம் அப்படியே இருக்கு."

மேடையில் நெய்னா முகம்மது தவுக்கேயைப் பேச அழைத்தார்கள். நல்ல மனிதர். வயசாகிவிட்டது. "என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு தெரியல. முன்னால போகச் சொல்றாங்க. போறேன். புள்ளைங்க நல்லா ஓட்டணும்" என்று முடித்துக்கொண்டார். அன்றைய பேச்சுகளில் பந்தயத்தைப் பற்றி வந்தது அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

பின்பு ஓட்டுநர் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கழற்றினால் போர்த்தியவரை அவமதித்ததாகும் என்பதால் அப்படியே வண்டியில் ஏறினார்கள். கொடி இறங்கியது. தவுக்கேயின் கறுப்புக் கார் புறப்பட்டது. ஓட்டியவர் யாக்கூப். தவுக்கேயிடம் நெடுநாளாக டிரைவராக இருப்பவர். மாட்டுவண்டிக்கும் வழிவிட்டுப் போகிறவர். பின்னால் பி.எஸ்.ஏ.யும் நார்ட்டனும். அதற்கும் பின்னால், முன்னிலையின் மாண்பைக் கண்காணிக்க, ஒலிபெருக்கி கட்டிய காரில் மாணிக்கம்.

முதல் சுற்று ஊர்வலம் மாதிரி இருந்தது. இரண்டாவது சுற்றில் வண்டிகள் சூடேறி உறும ஆரம்பித்தன. அவ்வளவு மெதுவாகப் போய் அவற்றுக்குப் பழக்கமில்லை. நாகூர் கனி ஒரு காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் போனார். துரைசாமி பக்கத்தில் வந்தார்.

"பாய், முன்னாடி ஒரு காளான் விக்கிற சைக்கிள்காரன் காரை முந்திட்டுப் போறான், பாத்தியா?"

"பாத்தேன். சட்டப்படி அவந்தாண்ணே இப்ப சாம்பியன்."

இருவரும் சிரித்தார்கள். நூருன்னிசா பந்தலிலிருந்து பார்த்தாள். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று குடையை மடித்து வைத்துவிட்டுக் கடலை உரிக்கத் தொடங்கினாள்.

நாலாவது சுற்றில், தூங்கிக்கொண்டிருந்த தவுக்கே விழித்தார். வெளியே எட்டிப் பார்த்தார். "யாக்கூப், இதே மேட்ட எத்தனை தரம்தான் சுத்துவே? வழி தெரியலையா? வீட்டுக்கு விடு. சாப்பாட்டு நேரம்" என்றார். அவர் பங்களா, ரம்புத்தான் தோட்டத்தோடு புக்கிட் பாஞ்சாங்கில் இருந்தது. யாக்கூப் முதலாளி சொல்லை மீறாதவர். அடுத்த பிரிவில் பந்தய வளையத்தை விட்டு வலப்பக்கம் திரும்பினார்.

ஓட்டுநர் இருவரும் பிரிவில் நின்றார்கள். வலப்பக்கம் கார் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் பந்தய ரோடு. பின்னாலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது.

"முன்னிலையைப் பின்தொடர்க! விலகுபவர் பட்டத்தை இழப்பார்!"

துரைசாமி கனியைப் பார்த்தார். வலப்பக்கம் திருப்பினார்.

நாகூர் கனிக்குத் தெரியும், வலப்பக்கம் போனால் அண்ணனோடு பங்கு போட்டுப் பாதிப் பட்டமாவது நிச்சயம். இடப்பக்கம் போனால் ஒன்றுமில்லை. அவர் இடப்பக்கம் பார்த்தார். கறுப்பு ரோடு, புது தார், இரண்டு பக்கமும் செம்மண். காரில்லை, நார்ட்டனில்லை, முதுகில்லை. பொன்னாடையை உருவி வேலிக்கம்பத்தில் போட்டுவிட்டுத் திராட்டிலைத் திருகினார்.

மாணிக்கம் வேலிக்கம்பத்தில் ஆடிய பொன்னாடையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு ஒலிபெருக்கியில் ஆணையிட்டார். பேரவை முழுவதும் பந்தலைக் காலிசெய்து, கிடைத்த காரில் ஏறி, முன்னிலையின் பின்னால் கிளம்பியது. கைதட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். அதனால் அதன்பிறகு ஜூரோங்கில் நடந்ததைக் கனியும் துரைசாமியும் சொல்லித்தான் அறிவேன். புக்கிட் பாஞ்சாங்கில் நடந்தது கண்ணால் கண்டது. தவுக்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தோட்டத்தில் நின்று ரம்புத்தான் தின்றோம். முதல் சுற்றிலிருந்து கடைசிவரை முன்னிலை வகித்தவர் என்ற முறையில், பட்டம் தவுக்கேவுக்கே உரியது என்று பாலகிருஷ்ணன் முன்மொழிய, மாணிக்கம் வழிமொழிந்தார். கோப்பையை வாங்கிக்கொண்ட தவுக்கே அதில் ரம்புத்தான் தோலைப் போட்டார். குப்பை போடக் கொடுத்ததாக அவர் நினைத்ததில் தப்பில்லை.

ஜூரோங்கில் நாகூர் கனி பறந்துகொண்டிருந்தார். மூன்று வருஷ ஆசை. சந்தோஷத்தில் கத்தினார், காற்றுதான் வந்தது. ஒரு சுற்று முழுக்க ரோடு அவருக்கே சொந்தமாக இருந்தது. அடுத்த சுற்றில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வளைவில் சாயும்போது, அண்ணன் இருந்தால் இந்நேரம் எந்தப் பக்கம் அடைப்பார் என்று மனசு தானாகத் தேடியது. வெறும் ரோட்டை முந்த முடியாது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் பின்னால் நார்ட்டன் சத்தம் கேட்டது.

துரைசாமி வந்துகொண்டிருந்தார். சில வளைவுகள்வரை காருக்குப் பின்னால் போய், பெரிய ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்தாராம். பொன்னாடையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் கார் பின்னால் போவதைப் பார்த்த பஸ்காரர்கள், மாப்பிள்ளை ஊர்வலம் என்று கையசைத்தார்களாம். அத்தோடு அவருக்கு வெறுத்துவிட்டது.

பக்கத்தில் வந்ததும் பழைய குரலில், தொண்டை கிழியக் கத்தினார். "பாய்! உன்னை முந்தாம வாங்குன கப்ப அலமாரியில வெச்சா, என் சம்சாரமே சிரிக்கும்லா! இப்ப வா பாக்கலாம்! என்னை முந்தறவன் இன்னும் பொறக்கல!"

கனிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அண்ணன் சரியாகிவிட்டார்.

அதன்பிறகுதான் பந்தயம் நடந்தது. உபகுழுவின் எட்டு மெய்ப்பாட்டில் ஏழு அந்தச் சில சுற்றுகளில் இருவருக்கும் வந்து போயிருக்கும். மேட்டில் துரைசாமி முந்தினார். பள்ளத்தில் கனி பிடித்தார். முன்னால் போகும்போதுதான் பயம் அதிகம் என்று கனி அன்றைக்குக் கண்டுகொண்டார். முதுகு முழுக்க அரிக்கிறது. இத்தனை வருஷமாக இதை எப்படித் தாங்கினார் இந்த மனுஷன் என்று துரைசாமி மேல் பாசமே வந்துவிட்டது. பாசத்தோடு அவருக்கு வழியை அடைத்தார்.

துரைசாமி விரலைக் காட்டி, கடைசிச் சுற்று என்றார். அதன் கடைசி வளைவில் இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு சாய்ந்தன. காலடிக் கம்பி தாரில் உரசிப் பொறி பறந்தது. ஒன்றையொன்று விடாமல் பந்தல் முன்னால் இருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டின. தாண்டிய வேகத்தில் செம்மண் மேடுவரை போய்த்தான் நின்றன.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பந்தலில் நாற்காலிகள் மட்டும் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரே ஆள், நூருன்னிசா. எழுந்து நின்றிருந்தாள். காலடியில் கடலை கொட்டிக் கிடந்தது.

"சொல்லு புள்ள. யாரு முதல்ல?" என்றார் கனி. குரல் எழவில்லை.

"நெசத்தச் சொல்லுங்க தங்கச்சி. உங்க வூட்டுக்காரருன்னு பாக்காதீங்க" என்றார் துரைசாமி. அவருக்கும் மூச்சு வாங்கியது.

நூருன்னிசா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நெருப்புப் பறந்துச்சே, அப்பவே நான் கண்ண மூடிக்கிட்டேன்."

துரைசாமி கோட்டைப் பார்த்தார். கோட்டில் இரண்டு டயர் தடமும் அடுத்தடுத்து இருந்தன. தடம் நேரம் சொல்லாது. நாகூர் கனி ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கடைசிப் பந்தயம் முடிந்துவிட்டது. முதலா இரண்டா என்று சாகும்வரை தெரியப்போவதில்லை. அவருக்கு அழுகை வந்தது. எட்டில் அதுதான் பாக்கி இருந்தது.

நூருன்னிசா அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விடுவிடென்று போய், பேரவை போட்டுவிட்டுப் போன கொடியை எடுத்துவந்தாள்.

"அப்ப 'கடைசி'ன்னு சொன்னதுல இது சேராது. திருப்பி ஓட்டுங்க. இந்தத் தரம் நான் கண்ணத் தொறந்து வெச்சிருக்கேன்."

"நெசமாவா புள்ள?"

"நாளைக்கே மனசு மாறினாலும் மாறும். சீக்கிரம்."

துரைசாமி பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார், இருந்தது. தன் பொன்னாடையைக் கழற்றி வண்டி மேலிருந்த புழுதியைத் துடைத்தார். பந்தலுக்குப் பின்னால் ஒரு நடை போய், வாந்தி எடுத்துவிட்டுத் தெம்பாக வந்தார். கனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். இரண்டு வண்டியும் கோட்டில் நின்றன. எதிரே ரோடு வெறுமையாகக் கிடந்தது.

நூருன்னிசா கொடியை உயர்த்தினாள். பேரவை தோன்றிய நாள் முதல் நிகழ்த்தப்பட்ட தொடக்கவுரைகளில் ஆகச் சிறந்தது அதன்பிறகு வந்ததுதான் என்பேன்.

"ம், போங்க!"